ஐந்தாவது பொட்டு

பசை மெஷின் வேலை அப்படியொன்றும் சிரமமானதில்லை. ஒரு பீஸில் ஊசி எங்கெங்கே நிற்க வேண்டும், எவ்வளவு நேரம் சொட்ட வேண்டும் என்று ஒரு தடவை காட்டிக்கொடுத்தால் போதும். வரிசைக்கு எட்டு, ஆறு வரிசை என்று சொல்லிவிட்டால் தட்டிலுள்ள நாற்பத்தெட்டுக்கும் அதுவே அச்சுப் பிசகாமல் போட்டுவிடும். பதினோரு வருடமாக அதற்குக் காட்டிக்கொடுத்தவன் நான்தான்.

எங்கள் கம்பெனியில் செய்தது, தொட்டிலில் குழந்தைக்கு மூச்சு நின்றால் கத்துகிற கருவி. பீஸுக்கு ஐந்து பொட்டுப் பசை. ஐந்தாவது பொட்டு, கத்துகிற மணியின் ஒயரைப் பிடித்துக்கொள்ளும்.

பசையை லென்ஸ் வைத்துச் சோதித்து முத்திரை குத்துவது ஒரு அக்கா. லென்ஸக்கா என்போம். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், எல்லோரும் இருக்கும்போது, பசை சரியில்லையென்று ஒரு தட்டை முழுதாகத் திருப்பிக் கொண்டுவந்தார். "ஏன் தம்பி, மெஷினுக்குத்தான் கண்ணு இல்ல, உனக்குமா இல்ல?" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் தட்டின் நாற்பத்தெட்டாவது பீஸை மட்டும் மெஷினில் தனியாகப் பிரித்து, அதன் ஐந்தாவது பொட்டின் நேரத்தைக் குறைத்தேன். மேலிருந்து பார்த்தால் மற்றவை போலவே இருக்கும். ஒயருக்கு அடியில் பசை இறங்காது. தொட்டில் ஆட ஆட ஒயர் கழன்றுவிடும். லென்ஸில் தெரியாது. இரண்டு பீஸ் திரும்பி வரட்டும், அக்கா நாலு பேர் முன்னால் திட்டு வாங்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

பீஸ் வரவில்லை. ஒரு குழந்தை இறந்த செய்தி வந்தது. கருவியில் அக்காவின் முத்திரை இருந்தது. அன்றே அக்காவை வேலையை விட்டு அனுப்பினார்கள்.

அடுத்த வாரம் என் வீட்டுக்கு வந்தார். "நீயே சொல்லு தம்பி. நான் பாத்துத்தானே குத்துனேன்? எப்படி விட்டேன்?"

உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். "வயசாகுதுல்லக்கா. கண்ணு மங்கியிருக்கும். மனசப் போட்டு அலட்டிக்காதீங்க."

தலையாட்டினார். இப்போது படி இறங்கக்கூட மகளின் கையைப் பிடித்துக்கொள்கிறாராம். கண்ணில் குறையே இல்லை என்று டாக்டர் சொல்லியும் நம்பவில்லையாம்.

அக்கா வேலையை விட்டுப் போனபிறகாவது ஏன் சரிசெய்யவில்லை என்கிறீர்கள். நியாயமான கேள்வி. மெஷினில் கைவைத்தால் யார், எந்தத் தேதியில் என்பது பதிவாகும். பழையதை அப்போது யாரும் தோண்டவில்லை. அந்தச் சமயத்தில் புதிதாகக் கைவைத்தால் என்மேல் சந்தேகம் திரும்பும். அதனால் ஓடட்டும் என்று விட்டேன். ஏழு மாதம் ஓடியது. நாளைக்கு இருபது தட்டு, தட்டுக்கு ஒன்று. இன்னும் மூன்று குழந்தைகள். மூன்று செய்தியையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். ஒவ்வொன்றையும் நின்று படித்தேன். படித்துவிட்டுப் போய் மெஷினை ஓட்டினேன்.

நான்கும் நான் செய்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் அக்காவிடம் ஒருநாளும் மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசியதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.