அடியெடுத்துக் கொடுத்தவன்

என் குரல் கொஞ்சம் தணிந்துதான் வரும், ஐயா. நாடகக் கம்பெனியில் பக்கத்திரைக்குப் பின்னால் நின்று, நடிப்பவர்கள் வசனம் மறந்தால் அடியெடுத்துக் கொடுப்பது என் வேலை. கத்திப் பேசிப் பழக்கமில்லை.

என் மனைவி கம்பெனியின் கதாநாயகி. ராஜா ராணிக் கதைகள் சலித்துப்போய், முதலாளி ஒரு குடும்ப நாடகத்தை மேடையேற்றினார். அதில் மனைவியாக வரும் இவள், புருஷனாக நடிப்பவனைப் பார்த்து, "நீங்க இல்லாமலும் எனக்குப் பொழுது விடியும்" என்பாள். கொட்டகை அதிரும். எனக்கு வயிறு எரியும்.

அந்த நாடகத்தைக் கப்பலேற்றி வெளிதேசம் கொண்டுபோக ஏற்பாடானது. "உங்களுக்குத்தான் கப்பல் ஒத்துக்காதே. நான் மட்டும் போயிட்டு வந்துடறேனே" என்றாள். நல்லபடியாகத்தான் கேட்டாள். நானும் சரியென்று தலையாட்டினேன்.

மறுநாள் ஆட்டத்தில் இரண்டாம் அங்கத்தில் தடுமாறினாள். நான் கடைசி அங்கத்து வசனத்தை எடுத்துக் கொடுத்தேன். அப்படியே சொல்லிவிட்டாள். கொட்டகையே சிரித்தது.

"ஏங்க அதைச் சொன்னீங்க?" என்று உள்ளே வந்து கேட்டாள்.

"நான் சரியாத்தாம்மா சொன்னேன். உனக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று தலையைத் தடவிக் கொடுத்தேன்.

பிறகு வீட்டிலும் அப்படியே. அவள் அணைத்த அடுப்பை மூட்டிவிட்டு, "இப்படியே விட்டுட்டு வந்துட்டியே" என்பேன். தொலைந்த சாவியைத் தேடித் தருவேன். ஒளித்தவன் நான் என்பதால் சட்டென்று கிடைத்துவிடும். கொஞ்ச நாளில் எதையும் என்னைக் கேட்டே செய்தாள். "அக்கா நல்லாத்தான் இருக்கா" என்று மச்சினன் ஒருவன்தான் அடம்பிடித்தான். அவனை வீட்டுப்படி ஏறவிடவில்லை. அந்தக் கோபத்தில்தான் போலீஸ் ஸ்டேஷன்வரை வந்து உங்களிடம் புகார் கொடுத்திருக்கிறான்.

கப்பலுக்கு முன் கடைசி ஆட்டம். திரை தூக்குமுன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கு மட்டும் என்னைக் கைவிட்டுடாதீங்க" என்றாள்.

"நான் இருக்கேன், போ."

பொழுது விடியும் வசனத்துக்கு வந்தாள். நின்றாள். பக்கத்திரையைப் பார்த்தாள். நான் அங்கேதான் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. யாரோ சீட்டியடித்தார்கள். அவள் உதடு துடித்தது, சத்தம் வரவில்லை. முதலாளி திரையை இறக்கச் சொல்லிவிட்டார்.

கப்பலில் வேறொருத்தி போனாள்.

அன்றிலிருந்து இவள் தானாகப் பேசுவதில்லை. "பசி" என்று நான் ஆரம்பித்தால், "பசிக்குது" என்பாள். டாக்டர் அதை வியாதி என்கிறார். இத்தனையும் செய்தது நான்தான், ஐயா, மறுக்கவில்லை. ஆனால் ஒரு நாளும் அவள்மேல் கை வைத்ததில்லை. எந்தப் புருஷன் இப்படிக் கூடவே இருந்து பார்த்துக்கொள்வான்?

காலையில் நீங்கள் வீட்டுக்கு வந்து, "உங்க வீட்டுக்காரர் உங்களைக் கொடுமைப்படுத்தினாரா?" என்று அவளைக் கேட்டீர்கள். அவள் என்னைப் பார்த்தாள். "தங்கமான" என்று மெல்ல எடுத்துக் கொடுத்தேன். "தங்கமான மனுஷன்" என்று பிசகாமல் சொல்லி முடித்தாள். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?