ஐந்து வாட்

அந்தி ஆறு மணி. குலசேகரத்துக்கு அப்பால், ரப்பர் தோட்டத்துக்குள் ஏறும் மண்ரோடு... ஆள் நடமாட்டமே இல்லை. எபிசனின் பைக் மட்டும் முக்கி முக்கி ஏறுகிறது. மேலே ஒரே ஒரு வீடு. அவனுடைய அப்பா ரசலையனை அடக்கம் செய்ததிலிருந்து பூட்டிக் கிடக்கிறது.

இந்த எபிசன் வேறு யாருமில்லை. எனக்கு இந்தக் கதையைச் சொல்லத் தொடங்கிய பெபிஷாவின் சின்னம்மா மகன். அவள் பாதிக் கதையோடு எழுந்து போய்விட்டாள். மீதியைச் சொன்னது அவன் மனைவி ஜாஸ்பின்.

ரசலையனிடம் வீட்டிலிருந்தே வெளியூர்க்காரர்களோடு பேசும் ஒரு ஹாம் ரேடியோ இருந்தது. அந்த மலையில் போன் டவர் எடுக்காது. மனைவி போன பிறகு அவருக்குப் பேச்சுத்துணை அந்தச் செட்தான். தினமும் ஆறு மணிக்கு மயிலாடி ஈஸ்வரமூர்த்தியும் இன்னும் சிலரும் அதில் கூடுவார்கள். ஆனால் செட் பழசு. திருகுகள் தேய்ந்து, முகப்புத் திரை அவிந்துவிட்டது. கம்ப்யூட்டரிலிருந்து எழுத்தில் கட்டளை போனால் மட்டும் கேட்கும்.

அதைச் செய்தவன் எபிசன். மார்த்தாண்டத்தில் இருந்தபடியே கேபிள் நெட் வழியாகத் தட்டுவான். FA என்றால் அலைவரிசை. PC என்றால் பவர். PC100; என்றால் நூறு வாட். கடைசியில் அந்தச் செமிகோலன் விழும்வரை செட் அசையாது. கிழவர் மைக்கை அமுக்கிப் பேசினால் போதும்.

ஒருநாள் தட்டியவன், அப்படியே அவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டும் இருந்தான்.

“எனக்க மவன் பட்டன் தட்டதுக்கு இருக்கான் ஈஸ்வரா. ஏறி வந்து மொகம் காட்டதுக்குத்தான் ஆளில்ல.”

நான்கு ஊர்க்காரர்கள் சிரித்தார்கள்.

எபிசனுக்கு முகம் சிவந்துவிட்டது. “ஊரெல்லாம் நாறடிக்கியாரு பாத்தியா? இனி பேசட்டு. எவன் கேக்கான்னு பாப்பம்.”

“வேண்டாம். பாவமாக்கும், வயசானவரு,” என்றாள் ஜாஸ்பின்.

“ரெண்டு நாளு கெடக்கட்டு.”

PC005; என்று தட்டினான். ஐந்து வாட். அந்தி நேரத்து இரைச்சலில் அது மலையைத் தாண்டாது. மற்றவர்கள் பேசுவது அவருக்குக் கேட்கும். அவர் பேசுவது ஒருவருக்கும் கேட்காது.

மறுநாள் கிழவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு முறிந்துவிட்டது. மேசை வரைக்கும் ஊர்ந்து வந்திருக்கிறார். காலையில் ரப்பர்ப் பால் வெட்ட வந்தவர் பார்த்தபோது உயிர் இல்லை... மைக்கிலிருந்து விரல்களைப் பிரிக்க முடியவில்லை.

அடக்கத்தன்று ஈஸ்வரமூர்த்தி அழுதார். “ரசலையன காணல்லியே, மவன் வந்து கூட்டிட்டுப் போயிருப்பான்னு செட்டுல பேசிச் சிரிச்சோம் மக்கா. அவன் கூப்பிட்டா நமக்குக் கேக்காம போகாதே... அந்தச் செட்ட எனக்குத் தா. தொறந்து பாக்கணும்.”

பார்த்தால் ஐந்து வாட் தெரிந்துவிடும். அதற்குள் மாற்றியாக வேண்டும். நெட் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். அதனால்தான் எபிசன் லேப்டாப்போடு ஏறினான்.

கதவைத் திறந்தான். கோடாலித் தைல வாசனை... நேற்றுத் தேய்த்ததுபோல. வயரைச் செருகி, செட்டைப் போட்டு, தட்டினான். PC100; அப்புறம் PC; என்று கேட்டான். PC100; என்று பதில் வந்தது.

அப்பாடா.

எழுந்தான். திரையில் அவன் தட்டாத ஒரு வரி. TX; என்றிருந்தது. ‘பேசு’ என்கிற கட்டளை.

க்ளிக்... செட்டுக்குள் ரிலே சுவிட்ச் விழும் சத்தம். சிவப்பு விளக்கு எரிந்தது. மைக் ஆணியில் தொங்கியது. அதன் பக்கத்தில் யாருமில்லை. ஆனால் பவர் மீட்டரின் முள் ஆடியது. ஏறி, இறங்கி, நின்று, ஏறி... ஒருவர் பேசும்போது ஆடுமே, அப்படி. அறையில் ஒரு சத்தமும் இல்லை.

RX; என்று தட்டினான். நிறுத்து. பதில் ?; என்று வந்தது. கட்டளையை ஏற்கவில்லை என்று அர்த்தம். மறுபடி தட்டினான். மறுபடி ?;

“யாரு?” என்றான்.

முள் ஒரு துள்ளு துள்ளியது. ஆனால் தன் குரல் அவன் காதுக்கே விழவில்லை.

லேப்டாப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடினான்.

மறுநாள் காலையில் ஈஸ்வரமூர்த்தியின் போன். “நேத்து செட்டுல வந்தியே மக்கா. பக்கத்துல இருந்து பேசினது மாதிரி இருந்து. நீயும்... ஒனக்க அப்பனும். அவன் ‘இப்ப கேக்குதா, இப்ப கேக்குதா’ன்னு கேட்டுட்டே இருந்தான். நீ ‘கேக்குது அப்பா’ன்னு சொல்லிட்டே இருந்தே. ராத்திரி சோத்து நேரம் வர...”

அந்தச் சோற்று நேரத்தில் எபிசன் மார்த்தாண்டத்தில், ஜாஸ்பினுக்கு எதிரே, தட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தான்.

செட்டை எடுக்க ஈஸ்வரமூர்த்தி போகவில்லை. அந்த வீட்டின் கரண்டை வெட்டியாயிற்று. ஆனாலும் ஆறு மணிக்கு அப்பாவும் மகனும் செட்டில் வருகிறார்கள் என்கிறார். சிரிப்பும் பேச்சுமாக.

ஜாஸ்பின் சொன்னது வேறு. ஆறு மணி ஆனால் எபிசன் கட்டில் ஓரத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறானாம். வாய் அசைகிறதாம்... தொண்டை நரம்பு புடைக்கப் புடைக்க.

சத்தம் மட்டும் வருவதில்லை.