அந்தப் பக்கப் பட்டை என் புதுமை அல்ல

கத்தரிக்கோல் சத்தத்திலேயே கண் திறந்து, அதே சத்தத்தில் தலை நரைத்த சங்கத் தலைவர் அவர்களே! ஊசி குத்திக் குத்தியே விரல் நுனி காய்த்துப்போன மூத்தோர்களே! வீட்டு வேலையையும் வாடிக்கையாளரின் வசவையும் ஒரே முகத்தோடு தாங்கும் தாய்மார்களே! பின்வரிசையில் அமர்ந்து, நான் பேசும்போதே கைபேசியில் அடுத்த பருவத்து மணப்பெண் உடைகளைப் புரட்டிக்கொண்டிருக்கும் இளைய தோழர்களே, தோழியர்களே! உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

கைதட்டாதீர்கள். தயவுசெய்து இப்போது வேண்டாம். முடிவில் தட்டத் தோன்றினால் தட்டுங்கள். தோன்றாவிட்டால் கையை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இதோ, இந்த மேசைமேல் ஒரு கேடயம் பளபளக்கிறது. 'ஆண்டின் புதுமையான மணப்பெண் உடை' என்று அதில் பொறித்திருக்கிறார்கள். எந்த உடைக்கு? அக்குளிலிருந்து இடுப்பு வரை, இரு பக்கமும் இரண்டு விரல் அகலத்தில் ஒரு பட்டை வைத்துத் தைத்தேனே, அந்த உடைக்கு! இன்று எந்தக் கடைக்குப் போனாலும் பக்கப் பட்டை. எந்தப் படத்தைப் பார்த்தாலும் பக்கப் பட்டை. "இது எப்படிம்மா உங்களுக்குத் தோணிச்சு?" என்று கேட்காத ஆள் இல்லை. இத்தனை நாள் நான் என்ன சொன்னேன்? சிரித்தேன். பெரிய மனுஷி மாதிரிச் சிரித்து மழுப்பினேன். இன்று மழுப்ப முடியாது.

தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். ஐயா, பத்து நிமிடம் கொடுங்கள். அதற்குப் பிறகு இந்தக் கேடயத்தைக் கொடுப்பதா வேண்டாமா என்று நீங்களே சொல்லுங்கள்.

என் கடைக்கு ஒரு பெண் வந்தாள். பல் மருத்துவமனையில் வேலை. அதிர்ந்து பேசத் தெரியாதவள். கூடவே அவளுடைய அம்மா. அம்மா கையில் கைபேசி, கைபேசியில் படம். அந்தப் பருவத்தில் எல்லா மணப்பெண்களும் கேட்ட அதே உடை! மேல்பாகம் உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும். பட்டு மெல்லியதாக, ஒளி ஊடுருவுவதாக இருக்க வேண்டும். பின்னால் மூன்று கஜம் தொங்கல் தரையில் தவழ வேண்டும்.

அந்தப் பெண் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அக்கா, தொங்கல் இல்லாம தைக்க முடியாதா? தடுக்கி விழுந்துடுவேனோன்னு பயமா இருக்கு." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இப்ப இதுதான்மா எல்லாரும் போடறாங்க. தொங்கல் இல்லைன்னா படத்துல எடுபடாது." அவள் வாயை மூடிக்கொண்டாள். நான் ஜெயித்துவிட்டேன்!

அளவெடுத்தேன். எந்த டேப்பால்? என் கழுத்திலேயே பதினோரு வருடம் கிடந்த துணி டேப்பால். மார்பளவு முப்பத்து நான்கு. நோட்டில் எழுதினேன். மேசையில் பட்டுத் துணியை விரித்தேன், வெட்டினேன். எந்த டேப்பால்? அந்த மாதம்தான் வெட்டும் மேசைக்கென்று வாங்கிய புது டேப்பால். முன்வரிசையில் இரண்டு பேர் முகம் மாறுகிறது. உங்களுக்குப் புரிந்துவிட்டது. எனக்கு அன்று புரியவில்லையே!

இன்னொன்றும் செய்தேன். மெல்லிய பட்டில் உள்தையல் நிழலாகத் தெரிந்தால் அசிங்கம் என்று, தையலுக்குள் விடவேண்டிய துணியை நகக்கண் அளவுக்கு ஒட்ட நறுக்கினேன். ஒரு விரல் துணி உள்ளே விட்டுத் தை என்று எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேன்? மோஸ்தர் வந்ததும் நானே காற்றில் பறக்கவிட்டேன்.

திருமணத்துக்குப் பத்து நாள் முன்பு போட்டுப் பார்க்க வந்தாள். கொக்கி எட்டவில்லை. ஒரு அங்குலம் இடைவெளி. பிரித்துவிடலாம் என்றால் உள்ளே துணி இல்லை. அதே பட்டு கடையிலும் தீர்ந்துவிட்டது. கண்ணாடி முன்னால் அவள், பின்னால் நான், நாற்காலியில் அம்மா.

அன்பர்களே, அந்த நேரத்தில் நம் தொழிலில் எல்லோர் நாக்கு நுனியிலும் ஒரு வாக்கியம் தயாராக இருக்குமே, அது என்ன?

என்னது? உரக்கச் சொல்லுங்கள்! ஆமாம், அதோ, அந்த வரிசையில் இருக்கும் அம்மா சரியாகச் சொன்னார். "உடம்பு போட்டுட்டே!" அதையேதான் சொன்னேன். "உடம்பு கொஞ்சம் போட்டுட்டேம்மா. பத்து நாள் இருக்கு இல்ல, வாயைக் கட்டிக்கோ, சரியாயிடும்." சிரித்துக்கொண்டே சொன்னேன். இப்போது நீங்கள் சிரிக்கிறீர்களே, அப்படித்தான் சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். பிறகு கண்ணாடியைப் பார்க்கவே இல்லை.

திருமண நாள். மணி பத்துக்குச் சடங்கு. எட்டுக்கெல்லாம் மணப்பெண் அறையில் நிற்கிறேன். உடையை மாட்டினேன். கொக்கியை இழுத்தேன். எட்டவில்லை! இன்னும் அரை அங்குலம். அவளுடைய தோள் எலும்பு என் விரலில் இடிக்கிறது, உதடு வெளுத்திருக்கிறது. அம்மா பதறுகிறார். "பத்து நாளா ராத்திரி சாப்பாடே இல்லைங்க. வெறும் தண்ணியும் ஒரு பழமும். பழைய துணியெல்லாம் இடுப்புல நிக்க மாட்டேங்குது. இன்னும் எட்டலைன்னா எப்படிங்க?"

எப்படி? எப்படி எட்டாமல் போகும்? இளைத்த உடம்புக்கு உடை எப்படிச் சிறியதாகும்?

கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்தேன், அளந்தேன். முப்பத்து மூன்றரை. நோட்டில் இருப்பதைவிடக் குறைவு! பைக்குள் கையை விட்டேன். வெட்டும் மேசையின் புது டேப் கையில் தட்டுப்பட்டது. அதே உடம்பை, அதே இடத்தில், அதே மூச்சில் அளந்தேன். முப்பத்து நான்கரை!

ஒரு உடம்பு. ஒரு நிமிடம். இரண்டு எண்கள். இரண்டு டேப்பையும் ஜன்னல் விளிம்பில் ஒட்டிப் பிடித்துப் பார்த்தேன். பதினோரு வருடம் இழுத்து இழுத்து என் பழைய டேப் நீண்டு போயிருந்தது. நீண்ட டேப் அளவைக் குறைத்துக் காட்டும். இத்தனை வருடம் அதே டேப்பால் அளந்து அதே டேப்பால் வெட்டினேன், தவறு தவறை மறைத்தது. புது டேப் வந்ததும் குட்டு உடைந்தது. அவள் உடம்பு போடவே இல்லை. போட்டுப் பார்க்க வந்த அன்றும், முதல் நாள் எப்படி இருந்தாளோ அப்படியேதான் இருந்தாள்.

இப்போது நான் என்ன செய்திருக்கலாம்? சொல்லுங்கள், நாமெல்லாம் ஒரே தொழில்தானே! அரை அங்குலம்தான். "மூச்சைப் பிடிச்சுக்கோ" என்று இழுத்து மாட்டியிருக்கலாம். எட்டாத கொக்கிக்கு ஊசி குத்தி, மேலே துணிப் பூ வைத்திருக்கலாம். யாருக்குத் தெரியும்? ஒருவருக்கும் தெரியாது. என் கை அந்த ஊசிப்பெட்டி வரை போனது. பொய் சொல்லவில்லை, போனது.

அப்போது அவள் சொன்னாள். "சாரிக்கா. நான் இன்னும் கொஞ்சம் குறைச்சிருக்கணும்."

என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்! யார் யாரிடம் கேட்பது? கூனிக் குறுகிப் போனேன். இரண்டு டேப்பையும் அவள் கண் முன்னால் நீட்டினேன். "நீ ஒரு சுற்றும் ஏறலைம்மா. என் டேப் நீண்டு போச்சு. அது தெரியாம உன் தலையில பழியைப் போட்டேன். தப்பு என்னோடது."

அம்மா என்னை ஏசினார். ஏசட்டும். ஏச வேண்டிய அளவுக்கு ஏசினார். மணி எட்டேமுக்கால். துணி? துணிக்கு எங்கே போவது? அறை முழுவதும் தேடின என் கண் தரையில் போய் விழுந்தது. மூன்று கஜம்! அவள் வேண்டாம் என்று சொன்ன அதே தொங்கல்! கத்தரியை எடுத்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "இதை வெட்டிட்டா திரும்ப ஒட்ட முடியாதுங்க!" நான் அவளைப் பார்த்தேன்.

"வெட்டுங்கக்கா," என்றாள்.

வெட்டினேன். "நீ முதல்ல சாப்பிடு" என்றேன். துண்டைப் போர்த்திக்கொண்டு அவள் ரொட்டியைப் பிய்த்துத் தின்றாள். நான் இரண்டு பக்கத் தையலையும் பிரித்தேன். உடம்புக்குத் தேவை அரை அங்குலம்தான். நான் அளந்து வைக்கவில்லை. பக்கத்துக்கு இரண்டு விரல் தாராளமாக வைத்தேன், அவள் சாப்பிட்டுவிட்டு மூச்சு விட வேண்டும் என்று. வெளியே கதவைத் தட்டுகிறார்கள். "ரெடியா? ரெடியா?" அம்மா முதுகால் கதவை அடைத்துக்கொண்டு நிற்கிறார். ஊசி என் விரலில் ஏறியது, துடைக்க நேரமில்லை. பத்து மணி ஆனது. பத்தே கால் ஆனது. பத்தரைக்குக் கொக்கி மாட்டியது. இழுக்காமல், இறுக்காமல், தானாக மாட்டியது!

அன்று திருமணத்தில் எடுத்த படங்கள்தான் ஊரெல்லாம் சுற்றின. ஒட்டுப் போட்டதைப் புதுமை என்றார்கள். நாற்பத்தொரு மணப்பெண்கள் அதே பட்டையைக் கேட்டு என் கடைக்கு வந்தார்கள். நீங்கள் கேடயம் செய்தீர்கள்.

இரண்டு மாதம் கழித்து அவள் கடைக்கு வந்தாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை. "உடை நல்லா இருந்துச்சுக்கா. ஆனா அந்தப் பத்து நாள் என் உடம்பை நானே வெறுத்தேன். அதை எதை வெட்டி, எங்க ஒட்டுப் போட்டு சரி பண்ணுவீங்க?"

கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அந்தக் கேள்வியோடுதான் இன்று இங்கே நிற்கிறேன்.

யார் அங்கே, "அப்ப கேடயம் வேண்டாமா?" என்று கேட்பது? வேண்டும் தம்பி. இது என் கடையில்தான் இருக்க வேண்டும். ஆனால், தலைவர் அவர்களே, ஒரு வேண்டுகோள். 'புதுமையான' என்ற சொல்லை அழித்துவிடுங்கள். 'ஒட்டுப் போட்ட மணப்பெண் உடை' என்று பொறித்துக் கொடுங்கள். கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டிவைக்கிறேன். கேட்கிறவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்கிறேன்.

இப்போது எல்லோரும் உங்கள் டேப்பை எடுங்கள். ஆமாம், இப்போதே! பக்கத்தில் இருப்பவர் டேப்போடு நுனிக்கு நுனி ஒட்டிப் பிடியுங்கள். கடைசி எண் வரை பாருங்கள். பேசாமல் பாருங்கள்.

மூன்றாவது வரிசையில் ஒருவர் தலை குனிந்துவிட்டது. அதோ, தூண் பக்கத்தில் இன்னொரு அம்மா. வெட்கப்படாதீர்கள். ஆனால் நினைத்துப் பாருங்கள். இந்த வருடம் எத்தனை பெண்களிடம் "உடம்பு போட்டுட்டே" என்றீர்கள்?

முடிவில் தோன்றினால் கைதட்டுங்கள் என்று முதலில் சொன்னேன், இப்போது அதுவும் வேண்டாம். அந்தக் கைகளால் நாளைக் காலை முதல் வேலையாக உங்கள் பழைய அளவு நோட்டைப் புரட்டுங்கள். யாரிடம் சொன்னீர்களோ, அவளைக் கூப்பிட்டு, "தப்பு என் டேப்பில் இருந்திருக்கலாம்மா" என்று சொல்லுங்கள். பொறுமையாகக் கேட்ட தலைவருக்கும், நடுவில் எழுந்து போகாத உங்களுக்கும், இங்கே இல்லாத அந்தப் பெண்ணுக்கும் என் நன்றி. வணக்கம்.