நேராக வந்த கல்

இடது காலைச் சற்று நீட்டி உட்கார்ந்துகொள்கிறேன், சார்ஜென்ட். தப்பாக நினைக்க வேண்டாம். இருபத்தெட்டுக் குளிர்காலம் அந்த முழங்காலை மடக்கிப் பனிக்கட்டிமேல் வழுக்கியிருக்கிறேன். இப்போது நாலு படி ஏறினாலே உயிர் போகிறது. கர்லிங் ஆடுகிற ஒருவனுக்கு முழங்கால் நன்றாக இருந்தால், அவன் ஒழுங்காக ஆடவில்லை என்று அர்த்தம்.

பெயர் இன்னிஸ் கார்மைக்கேல். வயது ஐம்பத்தொன்று. தொழில் கால்நடை மருத்துவம். பெர்த் பக்கத்து மலைகளில் ஆடு வைத்திருக்கிறவர்கள் பாதிப் பேர் என்னிடம்தான் வருவார்கள். டூகல் மெக்ராயும் அப்படி வந்தவன்தான். பிறகு என் அணியில் சேர்ந்து பத்தொன்பது வருடம் எனக்காகப் பனியைத் தேய்த்தான்.

நீங்கள் கால்பந்து பார்க்கிறவர் என்கிறீர்கள், அதனால் இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒருவன் கல்லை எதிர்முனை வட்டத்தின் நடுவை நோக்கி வழுக்கிவிடுவான். இரண்டு பேர் அதன் முன்னால் ஓடியபடி துடைப்பத்தால் பனியை அழுத்தித் தேய்ப்பார்கள். தேய்த்தால் கல் கூடுதல் தூரம் போகும், வளையாமல் நேராகவும் போகும். வேகம் எவ்வளவு என்பது தேய்க்கிறவர்களுக்குத் தெரியும். வளைகிறதா என்பது குனிந்திருக்கும் அவர்களுக்குத் தெரியாது, எதிர்முனை வட்டத்தில் நிற்கிற கேப்டனுக்குத்தான் தெரியும். நான் தேய் என்று கத்தினால் தேய்ப்பார்கள். ஏன் என்று கேட்க நேரமும் இல்லை, வழக்கமும் இல்லை.

பிப்ரவரி முதல் வாரம் டூகல் என் மருத்துவமனைக்கு வந்தான். ஆடு எதுவும் கொண்டுவரவில்லை. சட்டைப் பொத்தானைக் கழற்றினான்.

"டேய் இன்னிஸ், கிடாவுக்கு வைக்கிற குழாய இங்க வச்சுப் பாருடா."

வைத்தேன். இதயம் தாளம் தப்பி ஓடிக்கொண்டிருந்தது. நாளைக்கே பெரிய டாக்டரைப் பார் என்று சொன்னேன். அதை நான் சொன்னேன் என்பதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

"போனா ஆடாதேன்னுவான். இஷ்பெல் வீட்டையே ரெண்டாக்கிடுவா. நம்ம நாட்டுச் சாம்பியன் போட்டி முடியட்டும், போறேன். நீ சும்மா சும்மா கத்தாம, தேவைன்னா மட்டும் கூப்பிடு, போதும்."

சரி என்றேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன்.

அரையிறுதியில் எதிரணிக் கல் ஒன்று நான் நின்ற வட்டத்துக்குள் வந்து நிற்கப் போகும் நேரத்தில் என் துடைப்பம் அதைத் தொட்டது. கல் ஒரு விரல் அளவு நகர்ந்தது. எங்கள் ஆட்டத்தில் யார் தொட்டாரோ அவரேதான் சொல்ல வேண்டும், நடுவர் வந்து பிடிக்க மாட்டார். நான் சொல்லவில்லை. இரண்டு முறை நேர்மைக்கான கோப்பை வாங்கியவன், அதுவும் எதிரணிக்காரர்கள் வாக்களித்துக் கொடுத்தது. அந்த ஒரு விரல் அளவில்தான் ஜெயித்தோம்.

உடை மாற்றும் அறையில் டூகல் ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.

"பட்டுச்சுல்ல?"

"மயிரிழைதான்டா."

"மயிரிழைக்கு வாய் திறக்காதோ? இந்தா பாரு, முடிஞ்ச ஆட்டத்த யாரும் திருப்பி எடுக்கப் போறதில்ல. நாளைக்கு பைனல் முடிஞ்சு ரெண்டு டீமும் ஒரே மேசையில குடிக்க உக்காருவோம்ல, அங்க சொல்லிடு. நீ சொன்னா தப்பு. நான் சொன்னா திருட்டு."

"சொல்லுவியா?"

"பத்தொன்பது வருஷம் உனக்காக முதுகு ஒடிஞ்சவன்டா நான். உன்ன திருடனா விட்டுட்டு எப்படிச் செத்துப் போவேன்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குப் பயமாக இருந்தது. கோபம் வந்திருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். என்னிடம் வேறு எதுவும் இல்லை சார்ஜென்ட். மனைவி போய்விட்டாள், பிள்ளைகள் கிடையாது. இன்னிஸ் நேர்மையானவன் என்கிற பேச்சு ஒன்றுதான் மிச்சம்.

பைனலில் பத்துச் சுற்று. டூகல் தேய்க்க வேண்டியது, தான் எறிகிற கல்லைத் தவிர ஒரு சுற்றுக்கு ஆறு கல், மொத்தம் அறுபது. நான் எறிந்தவை போக மற்ற எல்லாவற்றுக்கும் கத்தினேன். ஆரம்பத்தில் ஆட்டத்துக்காகத்தான் கத்துகிறேன் என்று நினைத்தேன். நாலாவது சுற்றுக்குமேல் அப்படி நினைக்கவில்லை. ஏழாவதில் அவன் உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சுத் திணறுகிற உயிரை அடுத்த வயலிலிருந்தே பார்த்துச் சொல்லிவிடுவேன், அது என் பிழைப்பு.

கடைசிக் கல்லை என் மைத்துனன் லாக்லன் எறிந்தான். அது வட்டத்தின் நடுவில் நின்றால் நாங்கள் சாம்பியன். அருமையாக விட்டான். பாதி வழியிலேயே டூகல் துடைப்பத்தைத் தூக்கிவிட்டான்.

"வேகம் போதும் இன்னிஸ்! தானா வரும்!"

"வளையுது! தேய்! நிறுத்தாத!"

தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். தன் கேப்டனை நம்பலாமா என்று ஒரு நொடி பார்த்தான், அவ்வளவுதான். பிறகு குனிந்து தேய்த்தான். நான் கத்துவதை நிறுத்தவில்லை. வட்டத்தின் விளிம்புக்கு வந்ததும் முகம் குப்புற விழுந்தான்.

கல் வளையவில்லை. விட்ட கையிலிருந்தே நேராகத்தான் வந்தது. தேய்க்காமல் விட்டிருந்தால் நடுவில் நின்றிருக்கும். தேய்த்ததால் வட்டத்தைத் தாண்டிப் போனது, தோற்றோம். இதனால்தான் என்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சொந்த பைனலை எவனாவது வேண்டுமென்றே தோற்பானா?

நான் தோற்றேன். கத்தாமல் இருந்து ஜெயித்திருந்தால் அந்த மேசையில் டூகலும் உட்கார்ந்திருப்பான்.

டூகலின் மனைவி இஷ்பெல் போன வாரம் வந்தாள். "கடைசி மூச்சு வரைக்கும் உன் குரலக் கேட்டுத்தான் ஓடினாரு. அது எனக்கு ஆறுதலா இருக்கு இன்னிஸ்" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. களைத்துவிட்டேன், அதனால்தான் வந்தேன்.

எழுதுகிறீர்கள் என்றால் ஒன்றை மறக்காமல் எழுதுங்கள். கல் நின்றதும் நான் கையுறையைக் கழற்றினேன். தோற்றவன் முதலில் கை நீட்ட வேண்டும், அது எங்கள் முறை. டூகலுக்கு அப்போது மூச்சு இருந்தது. எதிரணியில் மூன்று பேருக்கு வரிசையாகக் கை கொடுத்தேன். நாலாவது ஆள் என் கையைத் தட்டிவிட்டு டூகலிடம் ஓடினான். சின்ன வயசு, ஆட்டத்தின் மரியாதை தெரியவில்லை.