மஞ்சள் நூல்

கடையக்கா: ...சட்டையைக் கழட்டச் சொன்னேனாடா நான்? காலரைத் திருப்பிக் காட்டினா போதும்னுதானே சொன்னேன்!

இஸ்திரி: அவரு எங்கக்கா கேக்குறாரு? "நம்ம ஊசிப் பயலுக்காக இது கூடச் செய்யமாட்டேனா"ன்னு உருவி மேசையில போட்டுட்டாரு. இப்ப பனியனோட நடுரோட்டுல நிக்குறாரு ரொட்டிக்கடைக்காரர்.

கடையக்கா: ஐயய்யோ... அங்க தொங்குறதுல ஒண்ண எடுத்துக் குடு.

இஸ்திரி: குடுத்தேனே. வயித்துக்கிட்ட பட்டன் போடமாட்டேங்குது.

கடையக்கா: சிரிக்காத! காலர்ல என்ன இருக்கு, அதப் பாரு.

இஸ்திரி: சிவப்பு நூல். முக்கோணத் தையல். சாட்சாத் நம்ம ஊசி போட்டதேதான்.

கடையக்கா: சிவப்புக் குவியல்ல வை. டீச்சர், வாங்க வாங்க! என்னது இது, மூட்டையாவே கொண்டாந்துட்டீங்க... எல்லாம் உங்க வீட்டுக்காரரோடதா? அவரு இன்னிக்கு என்னத்தப் போட்டுக்கிட்டு ஆபீஸ் போனாரு?

இஸ்திரி: அக்கா, வாசலைப் பாருங்க. வரிசை மருந்துக்கடையைத் தாண்டிப் போயிடுச்சு! ஆளுக்கு ஒரு சட்டையைத் தோள்ல போட்டுக்கிட்டு நிக்குறாங்க.

கடையக்கா: நெஜமாவா? தள்ளு, நான் பாக்குறேன்... அடேங்கப்பா! நேத்து சாயங்காலம் கண்ணாடியில, "ஊசியைக் காப்பாத்தணும், இங்க தேய்ச்ச பழைய சட்டையைக் கொண்டாங்க"ன்னு ஒரு காகிதம்தானேடா ஒட்டினோம்?

இஸ்திரி: பஸ் ஓட்டுற மாமா வேற வந்துட்டுப் போனாரு. ரெண்டு மணிக்கு வண்டியோட வாசல்ல நிப்பாராம். "விசாரணை மூணு மணிக்குத்தானே, ஒருத்தர் விடாம ஏத்திக்கிட்டுப் போயி அந்தக் குடியேற்ற ஆபீஸ் முன்னாடி எறக்குறேன்"னாரு.

கடையக்கா: நல்ல மனுஷன்! ஊசி மட்டும் இந்தக் கூட்டத்தைப் பாத்தான்னா வெக்கத்துல அந்தத் துணிக்கூடைக்குள்ளயே போய் ஒளிஞ்சுக்குவான்.

இஸ்திரி: பாவம்க்கா. பன்னெண்டு நாளா உள்ள வச்சிருக்காங்க. தேய்க்கிறப்ப பக்கத்துல அவன் முழங்கை இடிக்காம எனக்குக் கையே ஓடல.

கடையக்கா: ஏன் ஓடாது? நீ வலது கை, அவன் இடது கை. ஒரே மேசையில நின்னா இடிக்காம என்ன பண்ணும்? சரி, சரி, மூஞ்சியைத் தொங்கப் போடாத. இங்க வா. நான்தான் விசாரிக்கிற அதிகாரின்னு வச்சுக்கோ. சொல்லிப் பாரு.

இஸ்திரி: இப்பவேவா? கூட்டம் நிக்குதேக்கா...

கடையக்கா: நிக்கட்டும். வக்கீலம்மா என்ன சொன்னாங்க? திக்கித் திணறினா காரியம் கெட்டுச்சுன்னாங்களா இல்லையா? ம்... "இந்த ஆளை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இஸ்திரி: ஐயா... அவன் என்கூட வேலை பாக்குறவன். சண்டை நடக்குற நாட்டுலேர்ந்து தப்பிச்சு வந்த அகதி. திருப்பி அனுப்பினா அங்க அவனுக்கு வீடும் இல்ல, தெருவும் இல்ல, உசிருக்கும் உத்தரவாதம் இல்ல.

கடையக்கா: நல்லாச் சொல்ற. "ஆறு வருஷமா ஒரு வருஷம் கூட விடாம இங்கயே இருந்தான்னு காட்டினாத்தான் தங்க விடுவோம். எங்க அத்தாட்சி?"

இஸ்திரி: இந்தச் சட்டைங்கதான் ஐயா அத்தாட்சி. எங்க கடையில துணிக்குக் காலருக்குள்ள ஒரு தையல் போடுவோம். நூலோட நிறம், எந்த வருஷம்னு சொல்லும். தையலோட உருவம், யாரு தேய்ச்சதுன்னு சொல்லும். அவனுக்கு முக்கோணம். எனக்குப் பெருக்கல் குறி.

கடையக்கா: "எதுக்காம் அப்படி ஒரு ஏற்பாடு?"

இஸ்திரி: எதுக்குன்னா... எங்க அக்காவுக்கு யாரு மேலயும் நம்பிக்கை கெடையாதுங்க ஐயா. சட்டையைக் கருக்கினவன் யாருன்னு கண்டுபிடிச்சுத் திட்டணும் இல்ல?

கடையக்கா: அடிங்க! அதைச் சொன்ன, அங்கயே காதைத் திருகிடுவேன்.

இஸ்திரி: உண்மையைத்தானேக்கா சொல்லச் சொன்னாங்க!

கடையக்கா: உண்மைதான்டா சொல்லணும்... சரி, குவியலைக் காட்டு. "ஒவ்வொரு வருஷமா எடுத்து வைங்க."

இஸ்திரி: மொத வருஷம் சிவப்பு, நாப்பத்தொண்ணு. ரெண்டாவது நீலம், முப்பத்தாறு. நாலாவது பச்சை, இந்தா இவ்வளவு உசரத்துக்கு. அஞ்சாவது கறுப்பு. ஆறாவது ஊதா. அஞ்சுலயும் முக்கோணம்!

கடையக்கா: மூணாவது?

இஸ்திரி: ...மூணாவது மஞ்சள்.

கடையக்கா: மஞ்சள்ல எத்தனை?

இஸ்திரி: அது... அந்த வருஷத்துச் சட்டையை யாரும் கொண்டாரலக்கா. பழசாகித் தூக்கிப் போட்டிருப்பாங்க.

கடையக்கா: சிவப்பு அதை விடப் பழசு. அது நாப்பத்தொண்ணு வந்திருக்கு.

இஸ்திரி: அக்கா, தபால்காரர் ரொம்ப நேரமா நிக்குறாரு, நான் போய்...

கடையக்கா: தபால்காரர் நிப்பாரு. மேசைக்கு அடியில என்ன?

இஸ்திரி: அழுக்குத் துணி.

கடையக்கா: எடு.

இஸ்திரி: அழுக்குக்கா...

கடையக்கா: சலவைக்கடைக்காரிகிட்ட அழுக்குத் துணின்னு பயம் காட்டுறியா? எடுடா.

இஸ்திரி: இந்தாங்கக்கா.

கடையக்கா: ஒண்ணு, ரெண்டு... பதினோரு சட்டை. பதினொண்ணும் மஞ்சள் நூல்.

இஸ்திரி: குறியைப் பாருங்க. எல்லாம் பெருக்கல். என்னோடது. ஊசிக்கு உதவாதுன்னுதான் ஒதுக்கி வச்சேன்.

கடையக்கா: உதவாட்டி அப்பவே திருப்பிக் குடுத்திருக்கலாம். எதுக்கு ஒளிக்கணும்?

இஸ்திரி: ...அந்த வருஷம் அவன் கடையிலயே இல்லையேக்கா. வேலை அனுமதிச் சீட்டு காலாவதி ஆயிடுச்சுன்னு உங்க அண்ணன்தானே நிறுத்தினாரு. "சீட்டு இல்லாதவன் வாசப்படி ஏறக்கூடாது, ஒரு ஆள் தேய்ச்சாப் போதும்"னு.

கடையக்கா: ஆமா. அப்ப அண்ணனுக்கும் கடையில பங்கு இருந்துச்சு. அவரு சொன்னா சொன்னதுதான்.

இஸ்திரி: அடுத்த வருஷம் புதுச் சீட்டு வந்ததும் திரும்ப வந்து சேந்தான். அவ்வளவுதான்.

கடையக்கா: நடுவுல எங்க இருந்தான்? "அந்த ஒரு வருஷம் நாட்டை விட்டே போயிட்டு வந்திருக்கான்"னு அந்த ஆபீஸ்ல எழுதியிருக்காங்களே. அதை வச்சுத்தானே பிளேன்ல ஏத்தப் பாக்குறாங்க?

இஸ்திரி: என் ரூம்லதான் இருந்தான். வாடகைச் சீட்டு என் பேருல...

கடையக்கா: ரூம்ல உக்காந்து என்ன பண்ணினான்?

இஸ்திரி: அக்கா... வேணாம்க்கா.

கடையக்கா: மணி பன்னெண்டரை.

இஸ்திரி: ...சொன்னா என்னைத் திட்டுவீங்க.

கடையக்கா: சொல்லாட்டியும் திட்டத்தான் போறேன்.

இஸ்திரி: அந்த வருஷம் மொத மாசமே மாடிப்படியில வழுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டு முறிஞ்சுபோச்சு. இஸ்திரிப்பெட்டி என்ன, சோத்துக் கரண்டி கூடப் புடிக்க முடியல. இருக்குறதே ஒரு ஆள் வேலை, அதுவும் போயிடுச்சுன்னா ஊருக்குப் பணம் அனுப்ப முடியாது... ராத்திரி அழுதுக்கிட்டுக் கெடந்தேன். ஊசி பாத்தான். மறுநாள் எனக்கு முன்னாடி எந்திரிச்சு செருப்பை மாட்டிக்கிட்டு நின்னான்.

கடையக்கா: ம்.

இஸ்திரி: உள் அறையில அவன் தேய்ப்பான். நான் தோள்ல ஒரு துணியைப் போட்டுக்கிட்டு, நானே தேய்ச்ச மாதிரி உங்ககிட்ட வந்து நிப்பேன். கட்டு தெரியக்கூடாதுன்னு முழுக்கைச் சட்டை. அந்த ஆவியில வேர்த்துக் குளிச்சிட்டேன். தையலும் அவன்தான் போட்டான். முக்கோணம் போட்டா மாட்டிக்குவோம்னு என் பெருக்கலைப் போட்டான். நல்லவேளை, அப்ப பின்கதவுத் தாழ்ப்பாள் கெட்டுக் கெடந்துச்சு. தள்ளினா திறந்துக்கும். இல்லைன்னா அவன் உள்ளயே வந்திருக்க முடியாது.

கடையக்கா: எத்தனை மாசம்?

இஸ்திரி: பத்து. கை சரியானப்ப வருஷமே முடியப் போச்சு.

கடையக்கா: வக்கீலம்மா போன வாரம் கேட்டாங்களே. அப்ப என்ன சொன்ன?

இஸ்திரி: ...தனியாத்தான் தேய்ச்சேன்னு சொல்லிட்டேன். கையெழுத்தும் போட்டுட்டேன். பத்து மாசம் உங்களை ஏமாத்தினது தெரிஞ்சா எந்த மூஞ்சியோட இங்க நிப்பேன்? அதைவிடக் கேவலம் என்ன தெரியுமாக்கா? அதே கேள்வியை அவங்க ஊசிகிட்டயும் கேட்டிருக்காங்க. "சும்மா இருந்தேன்"னு மட்டும் சொல்லியிருக்கான். பிளேன்ல ஏத்துவாங்கன்னு தெரிஞ்சும் என்னைக் காட்டிக் குடுக்கல.

கடையக்கா: அழாத. மூக்கைத் துடை. ஐயோ, அது டீச்சர் வீட்டுச் சட்டை!

இஸ்திரி: இப்ப சொன்னாலும் யாருக்கா நம்புவா? பெருக்கல் என் குறி. நான்தான் தேய்ச்சேன்னு நானே எழுதிக் குடுத்திருக்கேன். நண்பனுக்காகப் புளுகுறான்னுதான் சொல்லுவாங்க.

கடையக்கா: ஊசியை எடு. மஞ்சள் நூலைக் கோர்.

இஸ்திரி: இப்ப எதுக்கு...

கடையக்கா: கோர்டா. இந்தத் துணியில ஒரு பெருக்கல் போடு. எப்பவும் போடுற மாதிரி... ம். இப்ப அந்த மஞ்சள் சட்டைக் காலரைப் பக்கத்துல வை. பெருக்கலோட ரெண்டு கோட்டுல எது மேல வருது?

இஸ்திரி: என்னோடதுல வலப்பக்கம் சாயுறது மேல வருது. இதுல... இதுல இடப்பக்கம் சாயுறது மேல வருது!

கடையக்கா: அடுத்ததைப் பாரு.

இஸ்திரி: இதுலயும்! இதுலயும்க்கா! பதினொண்ணுலயும் மாறித்தான் இருக்கு! அக்கா... இடது கை! இது இடது கை போட்ட பெருக்கல்!

கடையக்கா: கத்தாத, வாசல்ல நிக்குறவங்க பயந்துடப் போறாங்க.

இஸ்திரி: பயப்படட்டும்! அந்த ஆபீஸ்லயே அவன் கையில ஊசியைக் குடுத்து ஒண்ணு போடச் சொல்லுவோம். பக்கத்துல நான் ஒண்ணு போடுறேன். கண்ணு இருக்குறவங்க எல்லாருக்கும் தெரியும்! மஞ்சள் நூல் போட்ட சட்டை வச்சிருக்குறவங்க எல்லாம் முன்னாடி வாங்க! ஆமாங்க, பெருக்கல் போட்டதுதான் வேணும்! அதேதான்!

கடையக்கா: வக்கீலம்மாவுக்குப் போன் போடு மொதல்ல. முன்னாடி சொன்னது பொய்னு சொல்லு. திட்டுவாங்க, வாங்கிக்கோ.

இஸ்திரி: வாங்கிக்கிறேன், எவ்வளவு வேணாலும் வாங்கிக்கிறேன்... ஆனா அக்கா, சீட்டு இல்லாம வேலை பாத்தான்னு அவன் மேலயே திருப்பிடமாட்டாங்களே?

கடையக்கா: அவங்க கேக்குறது இங்க இருந்தானா இல்லையான்னுதான். வேலை குடுத்த முதலாளிக்குத்தான் அபராதம். கடையை மூடச் சொன்னாலும் சொல்லுவாங்க. வக்கீலம்மாகிட்ட விசாரிச்சுட்டேன்.

இஸ்திரி: எப்ப விசாரிச்சீங்க? நான் இப்பத்தானே சொன்னேன்...

கடையக்கா: ஹாரன் கேக்குது பாரு. சீக்கிரமே வந்துட்டாரு மாமா. சட்டையெல்லாம் கட்டு.

இஸ்திரி: நில்லுங்கக்கா. அந்தப் பெருக்கல் மாறியிருக்குன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?

கடையக்கா: மொத மஞ்சள் சட்டையிலயே தெரியும்டா. கடை போயிடுமோன்னு பயந்துக்கிட்டு இத்தனை நாள் நானும்தான் வாயைத் திறக்கல. அந்தத் தாழ்ப்பாள் ஒரு நாளும் கெட்டுப் போகல. அண்ணன் வர்றதுக்கு முன்னாடி தினம் வந்து அதைத் திறந்து வச்சது நான்தான். நட, பஸ்ல ஏறு. அதையும் இன்னிக்கு அங்கயே சொல்லிடுறேன்.