தோட்டத்து வீட்டுக்கு எந்தத் துப்பாக்கி

குவைத்தில், மங்காஃபிலிருந்து ஃபர்வானியா போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். பெரியவர் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து இங்கே செக்யூரிட்டி டூட்டி பார்க்கிறவர். சின்னவன் அவரிடம் கேட்டான்.

“ஏனுங்ண்ணா, பொம்பளைக்கு ரிவால்வர் நல்லதுங்களா, பிஸ்டல் நல்லதுங்களா?”

“யாரைடா சுடப் போறீங்க?”

“தோட்டத்து வீட்டுல என்ற சம்சாரம் தனியா இருக்குதுங்ண்ணா. போன வாரம் பக்கத்துத் தோட்டத்துல திருடனுங்க புகுந்து அங்க இருந்தவங்களை அடிச்சுப் போட்டாங்க. லைசென்ஸுக்கு எழுதிக் கொடுத்திருக்குது.”

“அப்ப ரிவால்வர்தான். எடுத்தா அமுக்க வேண்டியதுதான். பிஸ்டல்னா சுடறதுக்கு முன்னாடி மேல் பாகத்தைப் பின்னால இழுத்து விடணும், பதட்டத்துல கை ஓடாது.”

ஒரு பெண் தன் வீட்டில் தூங்கத் துப்பாக்கி வேண்டியிருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“சரி, லீவுக்கு நீ எப்படிப் போவே?”

“சொல்லாமத்தானுங்ண்ணா. விடியக்காலம் கேட்டை ஏறிக் குதிச்சு ஜன்னலைத் தட்டுனா அலறும் பாருங்க, அதுல ஒரு சந்தோசம்.”

“இனிமே தங்கச்சி அலறாது. சுட்டுரும்.”

அவன் சிரித்தான். பெரியவர் சிரிக்கவில்லை. இரண்டு ஸ்டாப் தாண்டியதும் அவன் போனை எடுத்தான்.

“கண்ணு, லீவு கிடைச்சிருச்சு. வெள்ளிக்கிழமை காத்தால கேட்டுக்கு வெளியில நின்னு கூப்புடுவேன். ஆமா, உனக்குத் தெரியாமத்தான் வரலாம்னு இருந்தேன்.”