வீரத்துக்குத் தனிப் பெட்டி

தெஹிவளையில் கொழும்பு பஸ்ஸில் ஏறிய இரண்டு இளைஞர்கள் என் முன் சீட்டில் இருந்தார்கள். கண்ணாடி போட்டவன் குரலைத் தாழ்த்தினாலும் பெருமையைத் தாழ்த்தவில்லை.

"ஆமி செக்பொயின்டைப் பற்றி என்ர புளொக்கில எழுதினனானெல்லே மச்சான், அதுக்கு வந்த கமெண்டுகளைப் பெட்டி பெட்டியாப் பிரிச்சிட்டன். பாராட்டு, திட்டு, வீரம்."

"அதென்ன வீரம்?"

"'பயப்படாமல் எழுது தம்பி, நாங்கள் பின்னால நிக்கிறம்' எண்டு வாறது."

"எங்கயிருந்து?"

"கனடா, லண்டன், நோர்வே."

"கொழும்பில இருந்து?"

"ஒண்டுதான். பேரில்லை. 'உடன அழி, கொம்மா பாவம்' எண்டு கிடந்தது. திட்டுக்குள்ள போட்டிட்டன்."

"அது நான் போட்டது."

வெள்ளவத்தையில் ஆமிக்காரன் பஸ்ஸை மறித்தான். எல்லோரும் அடையாள அட்டையோடு இறங்கி வரிசையில் நின்றோம். கண்ணாடிக்காரன் தன் அட்டையைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தான்.

நண்பன் மெல்லச் சொன்னான்: "பின்னால திரும்பிப் பார். கனடாக்காரர் நிக்கினமோ?"